உலகை எண்ணிய கணக்கர்கள்

திருக்குறளில் நீத்தார் பெருமை அதிகாரத்தின் ஏழாவது குறள், 'சுவைஒளி ஊறுஓசை நாற்றமென ஐந்தின் வகைதெரிவான் கட்டே உலகு'. சுவை, ஒளி, தொடுகை, ஓசை, மணம் ஆகிய ஐந்தின் வகையை ஆராய்ந்து தெரிந்தவனுடைய அறிவில் உலகம் அடங்கிவிடும் என்பது பொருள். பள்ளியில் இதற்கு 'ஐம்புலன் அடக்கம்' என்று எழுதி மதிப்பெண் வாங்கியவர்களில் நானும் ஒருவன். பரிமேலழகர் இங்கே செய்திருக்கும் வேலை பல ஆண்டுகள் கழித்துத்தான் கண்ணில் பட்டது. குறள் ஐந்தைத்தான் சொல்கிறது. அவர் அதிலிருந்து இருபத்தைந்தை எடுத்துவிடுகிறார்.

அவர் எண்ணும் விதம் இது. சுவை முதலிய ஐந்தும் நுண்ணிய மூலங்கள், அதாவது தன்மாத்திரைகள். அவற்றிலிருந்து தோன்றிய பூதங்கள் ஐந்து. அறிகிற பொறிகள் ஐந்து, செயல்படும் உறுப்புகள் ஐந்து. ஆக 20. 'வகைதெரிவான்' என்று குறள் சொல்வதால் தெரிகிறவன் ஒருவன் இருந்தாக வேண்டும், அவன் புருடன். தெரிவதற்குக் கருவி வேண்டும். மான் (அதாவது புத்தி), அகங்காரம், மனம் என்று அவை மூன்று. இவை எல்லாவற்றுக்கும் வேராக மூலப்பகுதி ஒன்று. 25 ஆகிவிட்டது. ஒரே ஒரு வினையாலணையும் பெயரிலிருந்து ஐந்து தத்துவங்களைக் கறந்திருக்கிறார் மனிதர். வள்ளுவர் இவ்வளவும் நினைத்திருப்பாரா என்று எனக்குச் சந்தேகம் உண்டு. ஆனால் உரையின் அடுத்த பகுதிக்காக அந்தச் சந்தேகத்தை ஒதுக்கி வைக்கலாம்.

மூலப்பகுதி எதிலிருந்தும் தோன்றாதது, ஆகவே அது பகுதி மட்டுமே என்கிறார். மான், அகங்காரம், ஐந்து தன்மாத்திரைகள் ஆகிய ஏழும் ஒன்றிலிருந்து தோன்றி வேறொன்றைத் தோற்றுவிப்பதால் விகுதியாகவும் இருக்கின்றன, பகுதியாகவும் இருக்கின்றன. மனம், பொறிகள், உறுப்புகள், பூதங்கள் ஆகிய பதினாறும் எதையும் தோற்றுவிக்காததால் விகுதி மட்டும். புருடன் இரண்டுமல்லன். பகுதியும் விகுதியும் நாம் இலக்கண வகுப்பில் சொல்லைப் பிரித்துப் பழகிய அதே சொற்கள்தாம். உலகத்தையே ஒரு சொல்லைப் போலப் பிரித்துப் பார்த்த சிந்தனைக்கு இதைவிடப் பொருத்தமான தமிழ் கிடைத்திருக்காது.

இந்தப் பகுப்பு ஈசுவரகிருஷ்ணரின் சாங்கிய காரிகையில் மூன்றாவது செய்யுளாக வருவது. ஏறக்குறைய 70 செய்யுள்கள் கொண்ட சின்ன நூல் அது. 6ஆம் நூற்றாண்டிலேயே பரமார்த்தர் என்ற பௌத்தத் துறவி அதைச் சீன மொழிக்குக் கொண்டுபோனார். 'பொன் எழுபது' என்று அங்கே பெயர் வைத்தார்கள். சாங்கியம் என்ற பெயர் எண் என்னும் பொருள் தரும் வடசொல்லின் அடியாகப் பிறந்தது. எண்ணுவதே வழியாகக் கொண்ட தரிசனம், அதாவது சிந்தனைப் பள்ளி, என்று கொள்ளலாம்.

தத்துவம் என்ற சொல் இன்று நம்மிடையே படும் பாட்டையும் சொல்ல வேண்டும். 'தத்துவம் பேசாதே' என்றால் வீண் உபதேசம் வேண்டாம் என்று அர்த்தம். மூலத்தில் அது 'தத்', 'துவம்' என்ற இரண்டும் சேர்ந்த சொல். ஒன்று அதுவாக இருக்கும் தன்மை என்பதே பொருள். பிறகு, உலகம் எவற்றால் ஆகியிருக்கிறதோ அந்த அடிப்படைப் பொருள் ஒவ்வொன்றுக்கும் பெயராயிற்று. ஆகவே '25 தத்துவங்கள்' என்றால் 25 பொன்மொழிகள் அல்ல. உள்பொருள் பட்டியலில் 25 உருப்படிகள்.

பட்டியல் போடுவதில் இந்த மண்ணில் யாருக்கும் சலிப்பு இருந்ததாகத் தெரியவில்லை. சாந்தோக்கிய உபநிடதத்தில் உத்தாலக ஆருணி தன் மகன் சுவேதகேதுவுக்கு, ஆதியில் இரண்டற்ற ஒன்றே இருந்தது என்று தொடங்கி, தீ, நீர், உணவு என மூன்றாக உலகை விரிக்கிறார். தைத்திரீயத்தில் ஆகாயம், காற்று, தீ, நீர், நிலம் என்று ஐந்தாகிறது. புறநானூற்றின் இரண்டாம் பாட்டு, நிலத்தையும் அதை ஏந்தும் விசும்பையும் விசும்பைத் தடவி வரும் வளியையும் அடுக்கி 'ஐம்பெரும் பூதத்து இயற்கை போல' என்று ஓர் அரசனைப் பாராட்டவே பயன்படுத்திக்கொள்கிறது. காண்பதை மட்டுமே ஒப்பிய உலோகாயதர் ஆகாயம் கண்ணுக்குத் தெரியவில்லை என்று தள்ளி நான்கோடு நிறுத்தினார்கள். நியாயம் 16, சைனம் ஏழு, மத்துவர் இரண்டு, பிள்ளை லோகாசாரியர் மூன்று, சங்கரர் ஒன்று. பௌத்தத் தத்துவ நூல்களான அபிதருமத்தில் 75 தருமங்கள், அதாவது அடிப்படைக் கூறுகள், என்பார் ஒருவர், 82 என்பார் இன்னொருவர், 100 என்பார் மற்றொருவர்.

மணிமேகலையின் 27ஆவது காதைக்குச் 'சமயக் கணக்கர்தம் திறம் கேட்ட காதை' என்று பெயர். கணக்கர் என்றால் அங்கே சமய நூல் வல்லவர். என்றாலும் வஞ்சி நகரில் மணிமேகலை ஒவ்வொருவரிடமும் போய்க் கேட்கக் கேட்க அவர்கள் ஒப்பிப்பதெல்லாம் எண்ணிக்கைதான். வைசேடிகன் ஆறு என்கிறான், சாங்கியன் 25ஐ விரிக்கிறான். தாதகிப் பூவும் வெல்லக்கட்டியும் மற்றவையும் கூடினால் கள்ளின் களிப்புப் பிறப்பதுபோல, பூதங்கள் கூடினால் உணர்வு பிறக்கும் என்று பூதவாதி சொல்கிறான். கண்ணால் காண்பதையே ஒப்புவேன் என்கிறான். தாய் தந்தை யார் என்பதை அனுமானம் இல்லாமல் எப்படி அறிந்தாய் என்று மணிமேகலை அவனை மடக்குகிறாள். காப்பியத்தில் எனக்குப் பிடித்த இடங்களில் இது ஒன்று.

இத்தனை எண்கள் ஏன் என்ற கேள்விக்கு 'உண்மை ஒன்று, பாதைகள் பல' என்ற பதிலைச் சொல்லி நழுவுவது வழக்கம். அந்தப் பதில் எனக்கு ஒத்துவரவில்லை. எண்கள் வேறுபடக் காரணம், அவர்கள் போட்ட பட்டியல்கள் ஒரே வகையைச் சேர்ந்தவையே அல்ல.

வைசேடிகரின் பட்டியல் ஓர் அலமாரி. பொருள், குணம், கருமம், பொதுமை, சிறப்பு, பிரியாத சேர்க்கை என்று ஆறு தட்டுகள். உலகில் எதைக் காட்டினாலும் ஏதாவது ஒரு தட்டில் வைக்க இடம் உண்டு. குடம் பொருள், அதன் சிவப்பு குணம், அது உருள்வது கருமம். பிற்காலத்தார் ஏழாவதாக ஒரு தட்டைச் சேர்த்தார்கள்: இன்மை. 'மேசையில் குடம் இல்லை' என்று நான் அறியும்போது அந்த அறிவுக்கு விடயம் எது? மேசை மட்டுமா? மேசை மட்டும் என்றால் குடம் இருந்த நேரத்திலும் மேசை தெரிந்ததே! ஆகவே இல்லாமையும் அறியப்படும் ஒன்று, பட்டியலில் அதற்கும் இடம் வேண்டும் என்றார்கள். அதோடு நிற்கவில்லை. குடம் வனைவதற்கு முன் இருந்த இன்மை, உடைந்த பின் வரும் இன்மை, எந்தக் காலத்திலும் இல்லாத இன்மை, குடம் துணியாக இல்லாத இன்மை என்று இன்மையையும் நான்காகப் பிரித்துவிட்டார்கள். இந்த மரபின் கைநூலான தருக்க சங்கிரகத்தைச் சிவஞான முனிவர் 18ஆம் நூற்றாண்டில் தமிழாக்கினார். மடங்களில் சைவ சித்தாந்தத்துக்கு முன்னால் தருக்கம் படிக்கும் வழக்கம் இருந்தது.

சாங்கியரின் பட்டியல் அலமாரி அல்ல, ஏணி. ஒன்றிலிருந்து ஒன்று இறங்கி வருகிறது. அப்படி இறங்குவதற்கு ஓர் அடிப்படை வேண்டும். அதைச் சற்காரியவாதம் என்பார்கள்: காரியம் தோன்றுவதற்கு முன்பே காரணத்துக்குள் இருக்கிறது. எள்ளுக்குள் எண்ணெய் இருப்பதால்தான் செக்கிலிட்டால் எண்ணெய் வருகிறது. மணலைச் செக்கிலிட்டு யாரும் எண்ணெய் எடுத்ததில்லை. வைசேடிகர் இதை மறுத்தார்கள். மண்ணுக்குள் குடம் முன்பே இருந்தால் குயவன் எதற்கு என்பது அவர்கள் கேள்வி. கேள்வி நியாயமானதுதான். ஆனால் சாங்கியரின் நோக்கத்தைக் கவனித்தால் அவர்கள் ஏன் விட்டுக்கொடுக்க மாட்டார்கள் என்பது விளங்கும். காரியம் காரணத்திலிருந்து விரிந்தது என்றால் மீண்டும் அதற்குள் சுருங்கவும் முடியும். நிலம் நீரில், நீர் தீயில் என்று ஒடுங்கி ஒடுங்கி மூலம் வரை போகலாம். இறங்கி வந்த ஏணியில் ஏறவும் செய்யலாம். அலமாரியில் ஏற முடியாது.

பௌத்தருடையது இரண்டுமல்ல. அவர்கள் எண்ணும் தருமங்கள் கணத்துக்குக் கணம் தோன்றி மறைபவை. எண்ணி எண்ணிப் பார்த்து, 'இதில் எங்கேயாவது நான் இருக்கிறேனா' என்று தேடி, இல்லை என்று முடிப்பதற்கான பட்டியல் அது. சைனர்கள் உயிர், உயிரல்லாதது, ஊற்று, கட்டு, செறிப்பு, உதிர்ப்பு, வீடு என்று ஏழு சொன்னார்கள். முதல் இரண்டும்தான் பொருள்கள். மற்றவை வினை உயிருக்குள் ஊறி வருவது, கட்டுவது, அதை அடைப்பது, உதிர்ப்பது என்ற நிகழ்வுகள். ஓட்டைப் படகில் மாட்டிக்கொண்டவனின் கணக்கு மாதிரி இருக்கிறது.

இனிச் சாங்கியத்தின் இரண்டு செய்திகள். இவற்றைத் தவறாகப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தவறிவிடும்.

முதலாவது, மனமும் சடப்பொருள்தான். ஐரோப்பியச் சிந்தனையில் டெக்கார்ட் என்ற தத்துவ அறிஞர் போட்ட கோடு மனத்துக்கும் உடலுக்கும் நடுவே ஓடுகிறது. சாங்கியத்தின் கோடு அங்கே இல்லை. புத்தி, அகங்காரம், மனம் மூன்றும் கல், மண், நீர் இருக்கும் பக்கத்திலேயே இருக்கின்றன. நுண்மையானவை என்பது ஒன்றே வேறுபாடு. மறுபக்கத்தில் பார்க்கிறவன் மட்டும் இருக்கிறான், எதுவும் செய்யாமல். நான் யோசிக்கிறேன், நான் முடிவெடுக்கிறேன் என்பதெல்லாம் மூலப்பகுதியின் வேலை. புருடனின் ஒளி பட்டு அது உணர்வுள்ளதுபோல் தோன்றுகிறது. கண் தெரியாதவன் தோளில் கால் நடக்காதவன் ஏறிப் போவது இந்த இருவர் கூட்டுக்குக் காரிகை தரும் உவமை. அவையோர்க்கு ஆடிக் காட்டிவிட்டு நின்றுவிடும் நர்த்தகி இன்னோர் உவமை. புருடனுக்குத் தன்னைக் காட்டி முடித்ததும் பகுதி ஓய்ந்துவிடுகிறது.

இரண்டாவது, முக்குணங்கள். குணம் என்ற வடசொல்லுக்குக் கயிற்றின் புரி என்ற பொருளும் உண்டு. சத்துவம், இராசதம், தாமதம் மூன்றும் பகுதியின் மேல் ஒட்டிய பண்புகள் அல்ல. மூன்று புரிகளாக முறுக்கப்பட்ட கயிறே பகுதி. தெளிவும் இலேசும் ஒன்று, அசைவும் வேகமும் ஒன்று, கனமும் மறைப்பும் ஒன்று. மூன்றும் சமநிலையில் இருக்கும்வரை உலகம் இல்லை. சமநிலை குலைந்தால் தோற்றம் தொடங்குகிறது. பஸ் தாமதம் என்று நாம் சொல்லும்போது அந்த மூன்றாவது புரியின் பெயரைத்தான் சொல்கிறோம். இந்த மூன்றையும் புரோட்டான், எலக்ட்ரான், நியூட்ரானோடு பொருத்திக் காட்டும் கட்டுரைகளை அடிக்கடி பார்க்கிறேன். அணுவுக்கு ஆசை, சோம்பல், தெளிவு உண்டா என்று அவர்கள் ஒருமுறை யோசித்திருக்கலாம்.

பூதங்களும் இப்படித்தான். நிலம் என்றால் வயலில் கிடக்கும் மண் மட்டுமல்ல. கடினமாக இருக்கும் தன்மை. நெகிழ்வது நீர், சுடுவது தீ, அசைவது காற்று, இடம் கொடுப்பது ஆகாயம். உடம்பில் எலும்பு நிலத்தின் கூறு, பசி தீயின் கூறு. வேதியியல் தனிம அட்டவணையோடு இதைப் போட்டிக்கு நிறுத்தினால் இரண்டுக்கும் நட்டம்.

தமிழ்நாட்டில் தத்துவம் என்றால் 36. இந்த எண்ணைச் சைவ ஆகமங்கள் தந்தன. 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் 12 சூத்திரங்களில் செய்த சிவஞானபோதமும் அவர் வழிவந்த நூல்களும் இதைத் தமிழில் நிலைநிறுத்தின. ஆன்ம தத்துவம் 24, வித்தியா தத்துவம் 7, சிவ தத்துவம் 5. முதல் 24 ஏறக்குறைய சாங்கியரிடமிருந்து வாங்கியவை. அந்தக்கரணத்தில், அதாவது மனம் முதலிய உட்கருவிகளில், சித்தம் ஒன்று கூடி மூன்று நான்காகியிருக்கிறது. 25ஆவது படியில் புருடன் நிற்கிறான். சாங்கியன் இங்கே வந்ததும் பயணம் முடிந்தது என்று மூட்டையை இறக்கிவிடுவான். சித்தாந்தி அவனைப் பார்த்து, இன்னும் 11 படி இருக்கிறதப்பா என்கிறான்.

இப்படி எதிராளிக்கும் தன் ஏணியிலேயே ஒரு கீழ்ப்படியை ஒதுக்குவது அன்றைய வாத முறை. பௌத்தன் இந்தப் படி வரை, சாங்கியன் அந்தப் படி வரை என்று அளந்து கொடுத்தார்கள். மறுப்பதைவிட இது நுட்பமான அவமதிப்பு. ஆனால் அந்த 11 படிகள் வெறும் பெருமைக்காகப் போடப்பட்டவை அல்ல. சாங்கியம் பதில் சொல்லாத ஒரு கேள்வி அவற்றுக்குப் பின்னால் இருக்கிறது.

புருடன் எப்போதும் தூய ஒளி என்றால் அவன் மயங்கியது எப்படி? சித்தாந்தம் வேறு இடத்திலிருந்து தொடங்குகிறது. உயிர் தொடக்கமே இல்லாத காலத்திலிருந்து ஆணவ மலம் என்ற இருளில் கிடக்கிறது; தன்னையும் அறியாது, பிறிதையும் அறியாது. அப்படியானால் இருளில் கிடக்கும் உயிர் ஒரு மாம்பழத்தை மாம்பழம் என்று அறிந்து, ஆசைப்பட்டு, கை நீட்டுவது எப்படி? அதற்குத்தான் வித்தியா தத்துவங்கள். கலை இருளைக் கொஞ்சம் விலக்கிச் செயலாற்ற விடுகிறது. வித்தை அறிவைக் கொஞ்சம் திறந்துவிடுகிறது. அராகம் விருப்பத்தை எழுப்புகிறது. காலம் எல்லை வகுக்கிறது. அவரவர் வினைக்குரியதை அவரவரே நுகரும்படி நியதி பிடித்து நிறுத்துகிறது. இந்த ஐந்து சட்டைகளையும் போட்டுக்கொண்டு நுகர்வுக்குத் தயாராக நிற்கும் உயிருக்குத்தான் புருட தத்துவம் என்று பெயர். இவற்றுக்கு மூலம் மாயை. அதற்கு மேலே சுத்தவித்தை, ஈசுரம், சாதாக்கியம், சத்தி, சிவம். இந்த 36ஆவது படிக்குச் சிவம் என்று பெயர் இருந்தாலும் அதுவும் சிவன் அல்லன். அவன் தத்துவங்களைக் கடந்தவன்.

மாயை என்றதும் பொய்த்தோற்றம், கயிற்றில் பாம்பு என்று நினைவு ஓடும். அது அத்துவைதத்தின் மாயை. சித்தாந்தத்தில் மாயை உள்பொருள், அதுவும் உதவிக்கு வந்த உள்பொருள். சித்தாந்த ஆசிரியர் உமாபதி சிவம் இதை ஒரே வரியில் முடிக்கிறார்: 'விடிவாம் அளவும் விளக்கனைய மாயை'. இரவு முழுவதும் இருட்டு. விளக்கு சிறியதுதான், ஆனாலும் தடுக்கி விழாமல் நடக்க அதுதான் வெளிச்சம். விடிந்த பிறகு அது வேண்டியதில்லை. உடம்பு, மனம், உலகம் எல்லாம் இந்த விளக்கின் திரியும் எண்ணெயும்.

காஷ்மீரச் சைவர்களும் இதே 36ஐ வைத்திருக்கிறார்கள் என்பது வேடிக்கை. அவர்களுக்கு 36ம் சிவன் ஒருவனே தன்னைச் சுருக்கிக்கொண்டு ஆடும் ஆட்டம். நமக்கு இறை வேறு, உயிர் வேறு, தளை வேறு. பட்டியலை ஏறக்குறைய அப்படியே வைத்துக்கொண்டு நேர் எதிரான இரண்டு முடிவுகளுக்குப் போக முடிந்திருக்கிறது.

36 போதாதென்று தாத்துவிகங்கள், அதாவது தத்துவங்களிலிருந்து விரியும் கூறுகள், 60ஐச் சேர்த்து 96 ஆக்கினார்கள். மயிர், தோல், எலும்பு, நரம்பு, தசை என்று பூதங்களின் கூறுகள் 25, நாடி 10, வாயு 10, வாக்கு 4 என்று அது நீள்கிறது. சித்த மருத்துவத்திலும் 96 உண்டு, ஆனால் அந்தப் பட்டியல் வேறு. அங்கே ஆறு ஆதாரங்கள் (சக்கரங்கள்), ஐந்து கோசங்கள் (உயிரை மூடும் உறைகள்), வாதம் பித்தம் கபம் எல்லாம் உருப்படிகள். உருப்படிகள் வேறாக இருந்தும் கூட்டுத்தொகை மட்டும் ஒன்றாக வருவதற்குக் காரணம் எண்சாண் உடம்போ என்று எனக்கு ஓர் ஊகம். ஒரு சாணுக்கு 12 விரற்கடை. எட்டுச் சாண் என்றால் 96. உடம்பை அளந்த எண்ணையே உடம்புக்குள் இருப்பதை எண்ணவும் வைத்துக்கொண்டார்களோ என்னவோ.

எண்ணுவதில் ஒரு சிக்கல் உண்டு. ஆற்றைக் கடந்த பத்துப் பேர் தங்களை எண்ணிப் பார்த்து, ஒன்பது பேர்தான் இருக்கிறோம் என்று அழுத கதை அத்துவைத நூல்களில் வருவது. தமிழில் கைவல்ய நவநீதம் எடுத்தாள்கிறது. வீரமாமுனிவர் பரமார்த்த குருவின் சீடர்களை வைத்து இதைச் சிரிப்புக் கதையாக்கினார். எண்ணுகிறவன் தன்னை விட்டுவிட்டு எண்ணியதே பிழை. சிவஞானபோதத்தின் மூன்றாம் சூத்திரம் இதே முடிச்சை வேறு விதமாக அவிழ்க்கிறது. 'எனதுடல்' என்கிறாய். என் வீடு என்கிறவன் வீடு அல்ல. அப்படியே என் உடல் என்கிறவனும் உடல் அல்ல. உறக்கத்தில் புலன்கள் ஒடுங்கியதை விழித்தபின் அறிகிறாய். ஒடுங்கியது ஒன்று, அறிந்தது வேறொன்று. ஒவ்வொன்றையும் இது நானல்ல, இது நானல்ல என்று தள்ளிக்கொண்டே போகும்போது, தள்ளுகிறவன் மட்டும் தள்ளுண்டு போவதில்லை.

ஆதீனங்கள் நடத்தும் சித்தாந்த வகுப்புகளுக்குப் போகிறவர்கள் இந்த அட்டவணையை ஒப்பிக்கத் திணறுவதைக் கேட்டிருக்கிறேன். அவர்களுக்கு ஆறுதலாக ஒன்று சொல்லலாம். உயிர் செல்லும் வழியைத் தசகாரியம் என்று பத்தாகப் பிரித்துச் சொல்லும் நூல்கள் இருக்கின்றன. தத்துவ ரூபம், அதாவது ஒவ்வொரு தத்துவத்தின் இயல்பையும் தெரிந்துகொள்வது, அதில் முதல் வேலை. அது தான் அல்ல என்று காண்பது இரண்டாவது, அதிலிருந்து நீங்குவது மூன்றாவது. உயிரைப் பற்றிய பேச்சு நான்காவதில்தான் தொடங்குகிறது.